தோப்பை ஒத்திக்கு வைக்காதீர்கள்

அம்மா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன், தென்னந்தோப்பை ஒத்திக்கு வைத்து மகளுக்குக் கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கச் சொல்கிறார் பெரியப்பா என்ற வரியைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளைக்குக் கடனில் பி.இ. எடுத்தால் ஊரில் பெருமை பெரியப்பாவுக்கு, வட்டி உங்களுக்கு. வேண்டாம்.

காது கேளாத தம்பியோடு வளர்ந்த அவள் கேட்பது சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ, அதாவது பேச்சைச் சைகையாகவும் சைகையைப் பேச்சாகவும் மாற்றிச் சொல்லும் படிப்பு. "பேசுறதைப் போனே எழுத்தாப் போடுது, இவளுக்கு யார் வேலை தருவா?" என்கிறாராம் பெரியப்பா. பாதி சரி. ஜூம், கூகுள் மீட்டில் பேசுவது கேப்ஷனாக, திரையில் எழுத்தாக வருகிறது, 2019இல் வந்த லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி எதிரில் பேசுவதையும் எழுதிக் காட்டும். ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினால் நல்ல உதவிதான். ஆனால் உங்கள் பக்கத்துக் கூட்டம் எப்படி நடக்கும்? தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே பேச்சில் கலந்து, நாலு பேர் ஒன்றாகப் பேசி, மேலே ஃபேன் கடகடக்க, யார் சொன்னது எது என்றே திரையில் பிடிபடாது. எழுத்து வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடும், காது கேளாதவர் குறுக்கே புகுந்து கேட்க இடமே இருக்காது. சைகையிலேயே வளர்ந்த பலருக்கு இங்கிலீஷை அந்த வேகத்தில் வாசிப்பதும் கஷ்டம். அவர் கையால் சொல்வதை மற்றவர்களுக்குக் குரலில் சொல்ல ஆள் வேண்டுமே! நீண்ட கூட்டமென்றால் இரண்டு பேர் போய், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போல மாறிக்கொள்வார்கள். கையைவிட மூளைதான் முதலில் களைக்கும். வீடியோ கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரின் படத்தைப் பெரிதாக நிறுத்தி, கூடவே கேப்ஷனையும் ஓடவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சரி.

படிப்பு இரண்டு வருடம், பிளஸ் டூவில் எந்த குரூப்பும் போதும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் உண்டு. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் பேச்சு, கேட்புத் திறனுக்கான நிறுவனமான நிஷ் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். தம்பியோடு வீட்டில் பேசுகிற சைகை மட்டும் போதாது, இந்திய சைகை மொழியை இலக்கணத்தோடு புதிதாகப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் வருமானம் சீராக வராது, அதை மறைக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் அவளிடம் கேளுங்கள்: முன்பின் தெரியாதவர்கள் நடுவே நின்று நாள் முழுக்க இதைச் செய்யப் பிடிக்குமா? தம்பிக்காக மட்டும் என்றால் சேர்க்காதீர்கள். பதிலை அவளே எனக்கு எழுதட்டும், பெரியப்பா வேண்டாம்.