நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய்: கீமோவா, மாத்திரையா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்கு அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை), நான்காம் நிலை, அதாவது பரவிய நிலை; மருத்துவர் கீமோ என்கிறார், ஓசூரில் உறவினர் ஒருவர் மாத்திரை மட்டுமே சாப்பிடுகிறார், எது நல்லது?

உறவினரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவருடைய கட்டியில் இஜிஎஃப்ஆர் அல்லது ஏஎல்கே மரபணு மாற்றம் இருந்திருக்கலாம். அந்த மாத்திரைகள் அத்தகையவர்களுக்கே வேலை செய்யும். இந்திய அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்காவது இஜிஎஃப்ஆர் மாற்றம் காணப்படுகிறது, புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். ஆகவே பயாப்ஸிக்காகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 (ROS1) மரபணு மாற்றங்களையும், பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். திசு போதாவிட்டால் ரத்தத்திலும் சில மாற்றங்களைத் தேடலாம்.

இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தால் மாத்திரை உண்டு: பழைய ஜெஃபிடினிப் விலை குறைவு. புதிய ஒசிமெர்டினிப் விலை அதிகம். ஆனால் இவற்றை ஒப்பிட்ட ஃப்ளாரா ஆய்வில் ஒசிமெர்டினிப்பால் நோய் வளராமல் நின்ற இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம்) 18.9 மாதம், பழைய மாத்திரைகளுக்கு 10.2. வித்தியாசம் பெரிதுதான், அதற்காக நிலத்தை விற்கச் சொல்ல மாட்டேன்.

மாற்றம் எதுவும் இல்லை, பிடி-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) மட்டும் போதலாம். குறைவென்றால் கீமோவும் சேரும். சோதனை முடிவு வருமுன் அவசரப்பட்டு இம்யூனோதெரபி போட்டுக்கொள்ள வேண்டாம்: பின்னால் ஒசிமெர்டினிப் தேவைப்பட்டால் நுரையீரல் அழற்சி அபாயம் கூடும். மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் கீமோவைத் தொடங்கிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதும் முறைதான்.

இரண்டாம் கருத்துக்கு அடையாறு புற்றுநோய் நிலையம், பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இரண்டில் எதற்கும் போகலாம். உங்களுக்குப் பெங்களூருதான் கிட்டம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்பே விசாரியுங்கள். ஸ்கேனோடு பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) கையோடு கொண்டுபோங்கள்.