எதிர்வீட்டுப் பையன் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் டெஸ்ட் மேட்ச் என்றால் திருவிழா மாதிரி. என் கணவர், ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன், எதிர்வீட்டுப் பையன் மூவரும் உட்கார்ந்தால் அன்றைய ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். எதிர்வீட்டுப் பையன் முஸ்லிம். நாலாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் இருப்பான். 2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தோடு ஓவல் டெஸ்டில் நம் பந்து வீச்சாளர் முகமது சிராஜ் கேட்சைப் பிடித்துவிட்டு பவுண்டரிக் கயிற்றை மிதித்தார் இல்லையா? என் கணவர் உடனே, 'இவனுங்களை எல்லாம் டீம்ல வெச்சா...' என்று ஆரம்பித்து, சிராஜுடைய மதத்தை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். எழுத எனக்குக் கை வரவில்லை. நான் வடைத் தட்டோடு அங்கேயேதான் நின்றிருந்தேன். எதுவும் சொல்லவில்லை. பையன் கொஞ்ச நேரம் கழித்து, 'அம்மா கூப்பிடுறாங்க ஆன்ட்டி' என்று போய்விட்டான். மறுநாள் அதே சிராஜ் ஜெயிக்க வைத்ததும் என் கணவர் ஆபீஸிலிருந்து போன் போட்டுக் கொண்டாடினார். பையன் மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. கேட்டால், 'படிக்கணும் ஆன்ட்டி' என்கிறான். என் கணவர் கெட்டவர் இல்லை. 'மேட்ச் கோபத்துல வந்தது, அவன் மறந்திருப்பான், நீ கிளறாதே' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். அம்மா கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனானே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரையும் சங்கடப்படுத்தாமல் எழுந்து போக ஒரு வழி தேடியிருக்கிறான். அந்த நிமிஷத்தில் உங்கள் வீட்டில் இருந்தவர்களிலேயே மரியாதையோடு நடந்துகொண்டவன் அவன்தான்.

அந்தக் கேட்சை நானும் பார்த்தேன். இங்கிலாந்துக்கு 374 இலக்கு. அவர்களுடைய ஹாரி புரூக் 19 ரன்னில் இருந்தார். பிரசித் கிருஷ்ணா வீசிய பந்தை அவர் தூக்கி அடித்தார், சிராஜ் அழகாகப் பிடித்தார். பிடித்த பிறகு பின்னால் வைத்த கால் பவுண்டரியைத் தொட்டுவிட்டது, அவுட் இல்லை என்றாகிவிட்டது. விக்கெட் விழுந்துவிட்டதென்று பிரசித் சந்தோஷப்பட ஆரம்பித்திருந்தார். சிராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டார். புரூக் 111 வரை போனார். 'அடப்பாவி' என்று நானும் கத்தினேன். அந்தத் தொடரில் ஐந்து டெஸ்டுகளுமே ஐந்தாம் நாள் வரை இழுத்தன. ஒன்றரை மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் கணவரின் கோபத்தில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் ஒன்று கேளுங்கள் அவரிடம். ஜூனில், அதே தொடரின் முதல் டெஸ்டில், லீட்ஸில் நம் ஜெய்ஸ்வால் நான்கு கேட்சுகளை விட்டார். அதில் ஒன்று இங்கிலாந்தின் பென் டக்கெட் 97-இல் இருந்தபோது கொடுத்தது. டக்கெட் 149 அடித்தார், இங்கிலாந்து 371 ரன்னைத் துரத்தி ஜெயித்தது. சேதம் என்று பார்த்தால் ஓவலில் நடந்ததைவிட இது பெரிது. அன்றைக்கும் உங்கள் கணவர் திட்டியிருப்பார். 'கையில என்ன ஓட்டையா?' என்றிருப்பார். ஜெய்ஸ்வால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்ற பேச்சு வந்திருக்காது. ஒருவர் தப்புச் செய்தால் அது அவருடைய கையின் தப்பு. இன்னொருவர் செய்தால் அவர் பிறந்த வீட்டின் தப்பு. இந்தக் கணக்கு கோபத்தில் திடீரென்று வராது. முன்பே உள்ளே இருந்தது, அன்று வெளியே வந்தது. அதனால்தான் 'மேட்ச் கோபம்' என்று விட்டுவிட எனக்கு மனசு இல்லை.

2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. பதினோரு பேர் ஆடித் தோற்ற ஆட்டத்துக்கு பந்து வீச்சாளர் முகமது ஷமி ஒருவரைப் பிடித்துக்கொண்டு என்னவெல்லாம் எழுதினார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். கேப்டன் கோலி பத்திரிகையாளர்கள் முன்னால் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அப்படி எழுதியவர்களில் பலரும் தங்கள் வீட்டில் 'கெட்டவர் இல்லை' என்று பெயர் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

சிராஜைப் பற்றி உங்கள் கணவருக்கு நான் நினைவுபடுத்த விரும்புவது இன்னொன்று. 2020 நவம்பரில் அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது ஹைதராபாத்தில் அவருடைய அப்பா இறந்தார். ஆட்டோ ஓட்டி மகனை ஆளாக்கிய மனிதர். சிராஜ் ஊருக்குத் திரும்பவில்லை, அணியோடு இருந்தார். டிசம்பரில் மெல்போர்னில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்து ஜனவரியில் சிட்னி. பவுண்டரி ஓரம் நின்றுகொண்டிருந்தவரைக் கூட்டத்தில் சிலர் நிறத்தையும் பிறப்பையும் சொல்லி ஏசினார்கள். அவர் பொறுத்துக்கொண்டு போகவில்லை. கேப்டன் ரகானேவிடம் சொன்னார், விஷயம் நடுவர்களுக்குப் போனது, ஆட்டம் நின்றது. ஆறு பேரை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். ஆஸ்திரேலிய வாரியம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த டெஸ்டில், பிரிஸ்பேனில், இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். தொடரை நாம் ஜெயித்தோம்.

அன்றைக்கு உங்கள் கணவர் கொதித்திருப்பார். ஆட்டத்தை நிறுத்தினார்களே என்று பெருமைப்பட்டிருப்பார். 'நம்ம பையனை எப்படிடா சொல்லலாம்?' என்று நாம் எல்லோரும் கேட்டோம். உங்கள் வீட்டு சோபாவில் எதிர்வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக நான் பாதிதான் சொல்லிவந்திருக்கிறேன்.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவோடு கேலரியில் இருந்தேன். ஒன்பது வருஷம் கழித்து இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆடின. இந்த ஆட்டமே நடக்கக் கூடாதென்று டெல்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நமக்கு 271 இலக்கு. 82-க்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு 136 அடித்தார். மோங்கியா கூட நின்று 52. இன்னும் 17 ரன் இருக்கும்போது பாகிஸ்தானின் சக்லைன் பந்தில் சச்சின் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் ஆனார். அதற்குப் பிறகு மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோற்றோம். மைதானமே உறைந்து போனது. பிறகு எங்கோ ஓரிடத்தில் கைதட்டல் ஆரம்பித்தது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கேலரி கேலரியாக ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். என் அப்பாவும் எழுந்தார். அழுதுகொண்டே நானும் தட்டினேன்.

இந்தப் பாதியை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். சென்னைக்காரி என்பதில் எனக்குப் பெருமை வருகிற கதை இது.

மற்றப் பாதி அன்று காலையில் நடந்தது. அசாருதீன் 7 ரன்னில் சக்லைன் பந்தில் எல்பிடபிள்யூ ஆனார். இந்தியாவின் கேப்டன் அவர். எங்கள் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அவர் வேண்டுமென்றே அவுட் ஆனதாக, அவருடைய மதத்தைச் சொல்லிக் கத்தினார். சுற்றி இருந்தவர்களில் ஒரு சிலர் சிரித்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியோடு, பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேரனின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார், தூக்கைத் திறந்து எலுமிச்சை சாதம் கொடுத்தார். என் அப்பா ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். சாயந்திரம் பாகிஸ்தானுக்காக எழுந்து நின்று கைதட்டிய அதே அப்பா, அதே நான்.

வெளிநாட்டு அணிக்கு எழுந்து நின்று தட்டுவது நல்ல காரியம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று மைதானம் முழுக்கத் தட்டியது, கூடச் சேர்ந்து தட்டுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பின்வரிசை ஆளிடம் திரும்பி, 'சார், அப்படிப் பேசாதீங்க' என்று சொல்லியிருந்தால் நான் ஒருத்திதான் சொல்லியிருப்பேன். அதைத்தான் செய்யவில்லை. அந்தப் பெரியவரின் முதுகு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே வடைத் தட்டோடு நின்ற உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பையன் அந்த அரை நிமிஷத்தில் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பான். அங்கிள் சொன்னது ஒரு பங்கு என்றால், ஆன்ட்டி சும்மா நின்றது இன்னொரு பங்கு. அதனால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேர். உங்கள் மகனிடமும் தனியாகப் பேசுங்கள். அவனும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான், பள்ளிக்கூடத்தில் அந்த நண்பன் முகத்தை தினமும் பார்க்க வேண்டியவன் அவன்தான்.

எப்படிக் கேட்பது? நேராக அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோர் முன்னால் ஆரம்பித்துவிடாதீர்கள். அவன் வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். சொன்னால் அப்பாவும் அம்மாவும் வருத்தப்படுவார்கள், இனி எதிர்வீட்டுக்குப் போகாதே என்பார்கள் என்று அவனே இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கலாம். அதைப் போட்டு உடைக்கும் உரிமை நமக்கு இல்லை. உங்கள் கணவர் முதலில் அவனைத் தனியாகப் பார்க்கட்டும். தெருமுனையிலோ அவன் பந்து வீசப் போகும் மைதானத்திலோ, நின்றபடியே பேசினால் போதும். 'அன்னைக்கு சிராஜைப் பத்தி நான் பேசினது தப்பு. உன்னை வெச்சுக்கிட்டுப் பேசினது மட்டும் இல்ல, நீ இல்லாதப்பப் பேசியிருந்தாலும் தப்புதான். என்னை மன்னிச்சிடுப்பா.' இவ்வளவுதான். பெற்றோருக்குத் தெரியுமா என்று அவனிடமே கேட்டு, தெரியும் என்றால் அன்றே அவர்களையும் போய்ப் பார்க்கட்டும்.

இரண்டு வார்த்தைகள் மட்டும் அவர் வாயில் வரக் கூடாது. ஒன்று, 'உன்னை நாங்க அப்படி நினைச்சதே இல்லை, நீ எங்க பையன் மாதிரி.' கேட்க இதமாக இருக்கும். ஆனால் அதற்குள், 'மற்றவர்களை அப்படித்தான் நினைக்கிறோம், நீ மட்டும் விலக்கு' என்பது ஒளிந்திருக்கிறது. அது அவனுக்குப் புரியும். இன்னொன்று, 'கடைசியில சிராஜ்தானே ஜெயிக்க வெச்சார்!' ஆமாம், அந்த ஆட்டத்தில் ஒன்பது விக்கெட், தொடர் முழுக்க 23 விக்கெட், ஐந்து டெஸ்டிலும் ஆடி 185 ஓவருக்கு மேல் வீசினார். ஆறே ரன்னில் ஜெயித்தோம். இங்கிலாந்தின் அட்கின்சன் சிராஜின் அந்தக் கடைசி யார்க்கரை விளாசியிருந்தால்? புரூக்குக்கு விட்ட கேட்சே தோல்விக்குக் காரணம் என்றாகியிருக்கும், உங்கள் கணவர் விட்ட வார்த்தை உங்கள் கூடத்திலேயே நின்றிருக்கும். ஒரு மனிதன் தன் மதத்தைச் சொல்லி ஏச்சு வாங்காமல் இருக்க ஒன்பது விக்கெட் எடுத்தாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

அதே தொடரின் லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 14. ஜடேஜா 61-இல் ஒரு பக்கம் நிற்க, கடைசி ஆளாக சிராஜ் பந்தைத் தடுத்தார். அது உருண்டுபோய் ஸ்டம்பில் பட்டு பெயில் விழுந்தது. 22 ரன்னில் தோற்றோம். அவர் அங்கேயே குனிந்துவிட்டார். அவரிடம் வந்து தோளைத் தட்டியவர்கள் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள். நாள் முழுக்க அவரோடு முட்டிமோதியவர்கள்தான்.

உங்கள் கணவர் மறுத்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் பங்குக்கு நீங்கள் போய்விடுங்கள். 'நான் பக்கத்துல நின்னும் ஒண்ணும் சொல்லல, அது தப்பு' என்று சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் சமாதானம் பேச வேண்டாம். அவர் கேட்க வேண்டியதை அவர்தான் கேட்க வேண்டும்.

பையன் உடனே, 'பரவால்ல' என்பான். அந்த வயதில் வேறென்ன சொல்ல முடியும்? அதை நம்பி, 'அப்போ சாயந்திரம் வா' என்று இழுக்காதீர்கள். வருவதும் வராததும் அவன் இஷ்டம். வராமலே போகலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

கடைசியாக ஒன்று. செப்டம்பர் 14 துபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகின்றன. அதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், ஆனால் அந்த ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிடாதீர்கள். இந்த நிலையில் அன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்தால், ஒவ்வொரு பவுண்டரிக்கும் தன் கை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறது என்று யாரோ பார்க்கிறார்கள் என்றே அவனுக்குத் தோன்றும். அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, பள்ளிக்கூடம் கிடையாது. அகமதாபாத்தில் வெஸ்ட் இண்டீஸோடு டெஸ்ட் தொடங்குகிறது, காலை ஆட்டம். அதற்கு உங்கள் மகன் போய்க் கூப்பிடட்டும். வந்தால் வடை சுடுங்கள், நீங்களும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு உட்காருங்கள்.