../ என்ற மூன்று குறிகள்: ஃபோல்டர் தாண்டும் ஓட்டை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையின் வேர்ட்பிரஸ் தளத்தை ஸ்கேன் செய்த ஹோஸ்டிங்காரர்கள், படம் காட்டும் பிளகின் ஒன்றில் 'டைரக்டரி டிராவர்சல்' ஓட்டை இருப்பதாக மெயில் அனுப்பியிருக்கிறார்கள். தளம் நன்றாகத்தான் ஓடுகிறது. உடனே ஏதாவது செய்ய வேண்டுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இன்றே செய்யுங்கள். தளம் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இந்த ஓட்டை வழியாக ஆள் வந்துபோனால் எதுவும் உடையாது, எதுவும் மாறாது. ஒரு ஃபைல் படிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். அந்த பிளகின், எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று இணைய முகவரியிலிருந்தே ஒரு பெயரை வாங்கிக்கொள்கிறது. 'சேலை12' என்று வந்தால் அதை '/தளம்/படங்கள்/' என்பதன் பின்னால் ஒட்டி, அந்த ஃபைலைத் திறந்து அனுப்புகிறது. கம்ப்யூட்டருக்கு ../ என்றால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று பொருள். சேலை12 என்ற இடத்தில் ஒருவர் '../' போட்டு வேறொரு ஃபைலின் பெயரை எழுதினால், பிளகின் படங்கள் ஃபோல்டரை விட்டு வெளியே வந்து அந்த ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடும். வேர்ட்பிரஸில் எல்லோரும் குறிவைப்பது டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலைத்தான். டேட்டாபேஸின் பெயர், பயனர், பாஸ்வேர்டு மூன்றும் அதில் அப்படியே எழுத்தாக இருக்கின்றன.

2014-ல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற புகழ்பெற்ற பிளகினில் வெளிப்பட்டது இதே ஓட்டைதான். 4.2 பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அந்த பிளகின் பல கட்டணத் தீம்களுக்குள்ளேயே பொதிந்து விற்கப்பட்டிருந்ததால், அது தங்கள் தளத்தில் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. அப்டேட் அறிவிப்பும் வரவில்லை. உங்கள் தீமுடன் சேர்ந்து வந்த பிளகின்கள் எவை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் பிளகினை அப்டேட் செய்யுங்கள். புதுப் பதிப்பு இல்லையென்றால் நீக்குங்கள். பிறகு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி, கான்ஃபிக் ஃபைலிலும் மாற்றுங்கள். அதே ஃபைலில் உள்நுழைவுக் குக்கிகளைக் காக்கும் 8 ரகசிய வரிகள் இருக்கும், அவற்றையும் புதிதாக்குங்கள். எல்லோரும் ஒருமுறை வெளியேற்றப்பட்டு மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், அதனால் இழப்பில்லை. பிளகினை மட்டும் அப்டேட் செய்துவிட்டுப் பாஸ்வேர்டை அப்படியே விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பூட்டை மாற்றியாயிற்று, ஆனால் சாவியின் அச்சு வெளியே இருக்கிறது. டேட்டாபேஸுடன் இணையும் வாசலான 3306 போர்ட் வெளியிலிருந்து மூடியிருக்கிறதே என்றும் இருந்துவிடாதீர்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில், டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே கையாள உதவும் பிஹெச்பிமைஅட்மின் பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அந்தப் பாஸ்வேர்டு அங்கே வேலை செய்யும்.

கேள்வி: அந்த பிளகினை 'டீஆக்டிவேட்' செய்தால் போதாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: போதாது. டீஆக்டிவேட் செய்தால் வேர்ட்பிரஸ் அதைத் தானாக ஏற்றாது, ஆனால் ஃபைல்கள் சர்வரில் அதே இடத்தில்தான் கிடக்கும். ஓட்டையுள்ள பிஹெச்பி ஃபைலை நேரடி முகவரி கொடுத்து அழைக்க முடிந்தால் அது ஓடும். அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் பிஹெச்பி எழுதுகிறேன். வாடிக்கையாளர் பில் பிடிஎஃப் இறக்கும் பக்கத்தில், வரும் பெயரிலிருந்து '../' எல்லாவற்றையும் ரீப்ளேஸ் செய்து நீக்கிவிடுகிறேன். அப்படியும் ஆடிட்டில் ஓட்டை என்று எழுதிவிட்டார்கள். எங்கே தவறு? (வாசகர், சென்னை)

பதில்: ஆடிட்டர்கள் எழுதியது சரி. ஒருவர் '....//' என்று அனுப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நடுவில் இருக்கும் '../' உங்கள் ரீப்ளேஸில் போகும். முன்னால் இரண்டு புள்ளி, பின்னால் ஒரு சாய்கோடு மிஞ்சும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் மறுபடி '../' வந்துவிடுகிறது. நீக்கும் வேலையே தாக்குதலை முடித்துக் கொடுக்கிறது.

மீண்டும் மீண்டும் நீக்கினாலும் வேறு வாசல்கள் உண்டு. விண்டோஸ் சர்வரில் பின்சாய்கோடும் அதே வேலையைச் செய்யும். புள்ளியை அப்படியே எழுதாமல், சதவீதக் குறியும் 2இ என்ற குறியீடும் சேர்த்து அனுப்பலாம். முகவரியில் வரும் மதிப்பை பிஹெச்பி ஒருமுறை தானாகவே டீகோட் செய்து தருகிறது. உங்கள் கோடு சோதனையை முடித்தபின் மறுபடி யுஆர்எல்-டீகோட் அழைத்தால், இரட்டைப் பூச்சு பூசிய (இருமுறை குறியீடாக்கிய) புள்ளி அங்கேதான் உண்மையான புள்ளியாகும், சோதனை முடிந்த பிறகு. மோசமான எழுத்துகளைப் பட்டியல் போட்டுத் துரத்தினால் பட்டியல் முடியாது. பெயர் கடைசியில் எந்த ஃபைலில் போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள்; அது ஒன்றுதான் நம்பத்தக்க கேள்வி.

செய்முறை: பில் ஃபோல்டரின் முழுப் பாதையை பிஹெச்பியின் ரியல்பாத் ஃபங்ஷன் மூலம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பெயரை அதனுடன் ஒட்டி, அந்த முழுப் பாதையையும் ரியல்பாத்துக்குக் கொடுங்கள். அது ../ எல்லாவற்றையும் கணக்கிட்டு, சிம்லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் குறுக்குவழி) இருந்தால் அதையும் பின்தொடர்ந்து, இறுதி இடத்தைச் சொல்லும். ஃபைல் இல்லையென்றால் 'ஃபால்ஸ்' தரும். மூன்று சமக்குறி போட்டு அதைச் சோதித்து அங்கேயே நிறுத்துங்கள். பிறகு, இறுதிப் பாதை பில் ஃபோல்டரில் தொடங்குகிறதா என்று ஒப்பிடுங்கள். திறப்பதும் அந்த இறுதிப் பாதையையே; பயனர் கொடுத்த பழைய பெயரை மறுபடி தொடாதீர்கள்.

ஒப்பிடும்போது நல்ல புரோகிராமர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபோல்டர் '/டேட்டா/பில்' என்று வைத்துக்கொள்வோம். 'இதில் தொடங்குகிறதா' என்று மட்டும் கேட்டால் '/டேட்டா/பில்-பழசு/ரகசியம்' என்பதும் தேறிவிடும், ஏனென்றால் முதல் எழுத்துகள் ஒன்றே. '/டேட்டா/பில்/' என்று கடைசிச் சாய்கோட்டுடன் ஒப்பிடுங்கள். ஒரே ஒரு எழுத்து, ஆனால் மொத்தப் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

மற்ற மொழிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பைத்தானில் பாதைகளை ஒட்டும் பாத்-ஜாயினுக்கு இரண்டாவதாக வரும் பெயர் சாய்கோட்டில் தொடங்கினால், முதல் பகுதியை அது தூக்கியெறிந்துவிடும், அங்கே ../ கூடத் தேவையில்லை. முழுப் பாதையைத் தரும் இரண்டில், ஆப்ஸ்பாத் சிம்லிங்கைப் பின்தொடராது, ரியல்பாத் பின்தொடரும். பைத்தானின் ஃப்ளாஸ்க் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துவோர் சென்ட்-ஃப்ரம்-டைரக்டரியை எடுத்துக்கொண்டால் இந்தச் சோதனை உள்ளேயே இருக்கிறது. 2025-ல் வந்த கோ மொழியின் 1.24 பதிப்பில் ஓஎஸ்-ரூட் என்று ஒரு வசதி உண்டு: ஒரு ஃபோல்டரைத் திறந்து கொடுத்துவிட்டால், அதன் வழியாக அதற்கு வெளியே உள்ள எதையும் திறக்கவே முடியாது. சோதனைக்கும் திறப்புக்கும் நடுவே சிம்லிங்கை மாற்றும் தந்திரமும் அங்கே எடுபடாது.

ஆனால் உங்கள் பக்கத்துக்கு இவ்வளவும் வேண்டியதே இல்லை. வாடிக்கையாளர் ஏன் ஃபைல் பெயரை அனுப்ப வேண்டும்? பில் எண்ணை மட்டும் வாங்குங்கள். அதை முழு எண்ணாக மாற்றி, டேட்டாபேஸில் தேடி, அந்த பில் லாகின் செய்தவருடையதுதானா என்று சரிபார்த்து, ஃபைல் பெயரை டேபிளிலிருந்து நீங்களே எடுங்கள். உரிமையைச் சரிபார்க்காமல் விட்டால், எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டியே ஊரார் பில்லையெல்லாம் பார்த்துவிடுவார்கள். அது தனி ஓட்டை. மொழி மாற்றும் பக்கங்களிலும் இப்படித்தான்: தமிழ், ஆங்கிலம் என்று அனுமதித்த பட்டியலில் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். வந்த பெயரை 'இன்க்ளூட்' கட்டளைக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே ஃபைல் வெறுமனே படிக்கப்படாது, ஓட்டப்படும்.

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேரில் ஜிப் ஃபைல் ஏற்றினால் தானாகப் பிரித்து வைக்கும் மாட்யூல் இருக்கிறது. அதிலும் இந்தச் சிக்கல் வருமா? (வாசகர், மதுரை)

பதில்: வரும், இன்னும் மோசமாக. ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலுடனும் அதன் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரிலேயே ../ வைத்து ஜிப் தயாரிக்க முடியும். மாட்யூல் அதை நம்பிப் பிரித்தால், ஃபைல் நீங்கள் நினைத்த ஃபோல்டருக்கு வெளியே எழுதப்படும். தளத்தின் பிஹெச்பி ஃபைல் மேலேயே எழுதிவிட்டால் சர்வர் அவர்கள் கையில். 2018-ல் 'ஜிப் ஸ்லிப்' என்ற பெயரில் ஸ்னைக் நிறுவனத்தார் இதை வெளியிட்டபோது, பல மொழிகளின் பிரிக்கும் லைப்ரரிகள் இதில் மாட்டின. ஜிப் போன்ற டார் தொகுப்புகளைப் பிரிக்கும் பைத்தானின் டார்ஃபைல் மாட்யூலில் இதே சிக்கலுக்கு, ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2007-4559 என்று எண் கொடுத்தார்கள். எண்ணில் இருக்கும் ஆண்டைக் கவனியுங்கள். 'டேட்டா' என்ற பாதுகாப்பு ஃபில்டர் தானாக அமலுக்கு வந்தது 3.14 பதிப்பில்தான். அதற்கு முந்தைய 3.12, 3.13-ல் பிரிக்கும் கட்டளையில் நீங்களே அதைக் குறிப்பிட வேண்டும்.

மற்ற லைப்ரரிகளில் ஒவ்வொரு பெயருக்கும் முன்பு சொன்ன இறுதிப் பாதைச் சோதனையைச் செய்யுங்கள். புது ஃபைல் இன்னும் டிஸ்கில் இல்லை என்பதால் பிஹெச்பியின் ரியல்பாத் 'ஃபால்ஸ்' தரும். போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரை மட்டும் ரியல்பாத்தில் சோதித்து, பெயரின் கடைசித் துண்டைத் தனியே ஒட்டுங்கள்.

கேள்வி: பிரவுசரில் என் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ../../ போட்டுப் பார்த்தேன். முதல் பக்கம்தான் வருகிறது. அப்படியானால் பாதுகாப்புதானே? (வாசகர், சேலம்)

பதில்: அந்தச் சோதனை உங்கள் சர்வரைச் சென்றடையவே இல்லை. முகவரியின் பாதைப் பகுதியில் ../ இருந்தால் பிரவுசரே அதைச் சுருக்கிவிட்டுத்தான் அனுப்பும். டெர்மினலிலிருந்து முகவரிகளை அழைக்கும் கர்ல் கட்டளையும் அப்படியே. 'பாத்-ஆஸ்-இஸ்' என்ற ஆப்ஷன் கொடுத்தால்தான் எழுதியபடி போகும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் மதிப்புகளைப் பிரவுசர் தொடாது, எனவே அவற்றைப் பிரவுசரிலேயே சோதிக்கலாம். ரகசிய ஃபைலைத் தேட வேண்டாம்: படங்கள் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே 'சோதனை' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்து, அது வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும். அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றி இதைச் செய்வது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் வரும்.

கேள்வி: அப்பாச்சி, இஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்களே ../ஐத் தடுத்துவிடும் என்கிறார்கள். பிறகு ஏன் நாம் கவலைப்பட வேண்டும்? (வாசகர், கோவை)

பதில்: அவை தடுப்பது முகவரியின் பாதையில் வருவதை மட்டும். கேள்விக்குறிக்குப் பின்னால் உங்கள் மாட்யூலுக்கு வரும் மதிப்பை அவை பார்ப்பதில்லை.

பாதையிலும் சறுக்கியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் வந்த அப்பாச்சி 2.4.49-ல், பாதையைச் சீராக்கும் கோடை மாற்றி எழுதினார்கள். முதல் புள்ளியை அப்படியேயும் இரண்டாவதைச் சதவீதக் குறியீட்டிலும் அனுப்பினால் அந்தக் கோடு ஏமாந்தது. அக்டோபர் 4-ல் 2.4.50 வந்தது, இரட்டைக் குறியீட்டை அது பிடிக்கவில்லை. அக்டோபர் 7-ல் 2.4.51 வந்த பிறகே அடைபட்டது. சிஜிஐ (வெப் சர்வர் வழியே புரோகிராம்களை ஓட்டும் வசதி) இயக்கியிருந்த சர்வர்களில் இதன் வழியே கட்டளைகளையே ஓட்ட முடிந்தது. ஆனால் கான்ஃபிக்கில் மூல ஃபோல்டருக்கு 'ரிக்வயர் ஆல் டினைட்' என்ற வரி இருந்த சர்வர்கள் தப்பின. அது அப்பாச்சியோடு வரும் வழக்கமான வரிதான். ஏதோ வேலைக்காக அதைத் தளர்த்திவிட்டு மறந்தவர்கள்தான் மாட்டினார்கள். உங்கள் கான்ஃபிக்கைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இஞ்சின்எக்ஸில் 'லொகேஷன்' வரியில் '/படம்' என்று எழுதி, 'ஏலியாஸ்' வரியில் '/டேட்டா/படம்/' என்று கொடுத்தால், '/படம்../' என்று கேட்பவர் ஒரு ஃபோல்டர் மேலே போய்விடுவார். லொகேஷனிலும் '/படம்/' என்று சாய்கோட்டில் முடியுங்கள்.

கேள்வி: ஆக்சஸ் லாகில் (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேட்டில்) ../ உள்ள வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஹேக் ஆகிவிட்டதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வரிகள் இருப்பதால் மட்டும் இல்லை. இணையத்தில் இருக்கும் எந்தச் சர்வரையும் தானியங்கி ஸ்கேனர்கள் இப்படித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை அந்த வரியில் உள்ள இரண்டு எண்கள். 400, 403, 404 என்றால் கதவு திறக்கவில்லை. 200 (கேட்டது கொடுக்கப்பட்டது) என்றால் அடுத்த எண்ணான பைட் அளவைப் பாருங்கள். எல்லா 200 வரிகளிலும் ஒரே அளவு வந்து, அது முதல் பக்கத்தின் அளவாகவும் இருந்தால் பெரும்பாலும் சர்வர் முதல் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு வரி மட்டும் வித்தியாசமாக 3,120 என்று காட்டி, உங்கள் கான்ஃபிக் ஃபைலும் 3,120 பைட் என்றால் ஃபைல் போய்விட்டது என்றே கொள்ளுங்கள். சுருக்கி அனுப்பும் ஜிஜிப் இயக்கியிருந்தால் எண் குறைவாகக் காட்டும். அந்த ஃபைலை ஜிஜிப் செய்து ஒப்பிடுங்கள். போஸ்ட் முறையில் வந்த மதிப்புகள் ஆக்சஸ் லாகில் பதிவாகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

போனது உறுதியானால், லாகை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, திருப்பூர் வாசகருக்குச் சொன்னபடி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். நிறுவனமாக நடத்துகிறீர்கள் என்றால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். பல ஹோஸ்டிங் பேனல்களில் பழைய லாக் சில நாள்களிலேயே அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். அந்த செட்டிங்கை இப்போதே மாற்றிவையுங்கள்.