யாரும் மாறல, மிஸ்

அன்புள்ள ஐயா,

மதுரைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த ஆண்டு வாரத்தில் ஒரு பாடவேளையைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு நாவல் வாசிப்பதற்கென்று ஒதுக்கினேன். முதல் நூல் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. சின்னப் புத்தகம், ஜல்லிக்கட்டைப் பற்றியது, பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எடுத்தேன். ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டபடி தலைவர், கேள்வி கேட்பவர், அருஞ்சொல் தேடுபவர், படம் வரைபவர் என்று அட்டையும் கொடுத்தேன். காளையை அடக்க வரும் பிச்சியைப் பற்றி விவாதிக்க நான் கொடுத்த கேள்வி: ‘கதையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிச்சியிடம் ஏற்பட்ட மாற்றங்கள் யாவை?’

ஆறு குழுக்களில் ஐந்து ஏறக்குறைய ஒரே பதிலை எழுதின. ‘பிச்சி முதலில் பழிவாங்கும் எண்ணத்துடன் இருந்தான், பின்னர் பண்பட்டவனாக மாறினான்.’ அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சில்லை. ஆறாவது குழுவில் ஒரு பையன், வீட்டில் காளை வளர்க்கிறார்கள், “யாரும் மாறல மிஸ். ஜமீன்தார் கடைசில சுட்டாருல்ல, அவரு முதல்லயே அப்படித்தான். நமக்குத்தான் லேட்டா தெரிஞ்சுது” என்றான். அதே குழுவில் ஒரு பெண், “காளைதான் மிஸ் மாறுச்சு” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. மணி அடித்துவிட்டது.

நாவலில் பாத்திரம் மாறித்தான் ஆகவேண்டுமா? இப்படிப் பேசும் பிள்ளைகளை எப்படி மேலே கொண்டுபோவது? ‘இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா’ என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு என்ன சொல்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே ‘வாடிவாசலை’ எடுத்து மறுபடி வாசித்தேன். உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம், அது ஒரு சௌகரியம். அந்தப் பெண் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் இந்த முறை மனிதர்களை விட்டுவிட்டுக் காரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அணைய முடியாத காளை என்று பேர் வாங்கிய, ஜமீன்தாரின் மாடு அது. பிச்சியின் அப்பன் அம்புலி விழுந்தது அதன் கொம்பில்தான். அப்படிப்பட்ட காளை முதல் தடவையாக ஒருவன் பிடியில் அடங்குகிறது. அதன் பிறகு அதன் நடத்தையே வேறு. யாரையும் அருகில் விடாமல் வெறிபிடித்து ஆற்றுமணலில் நிற்கிறது. அந்தப் பெண் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வகுப்பு சிரித்ததற்காக அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சரி, பிச்சிக்கு வருவோம். கதை நடப்பது ஒரு பிற்பகல். அவன் மச்சான் மருதனோடு வாடிவாசலுக்கு வரும்போதே என்ன செய்ய வந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். வந்தான், செய்தான். ஒரு பிற்பகலில் ஒரு மனிதன் பண்பட்டுவிடுவான் என்றால் நாம் எல்லாரும் இந்நேரம் சித்தர்களாகியிருப்போம். செல்லப்பா அப்படி எழுதவில்லை. அப்புறம் அந்த ஐந்து குழுவுக்கும் இந்தப் பதில் எங்கிருந்து வந்தது?

உங்கள் கேள்வியிலிருந்து வந்தது. கோபிக்கக் கூடாது. ‘ஏற்பட்ட மாற்றங்கள் யாவை’ என்று கேட்கும்போதே மாற்றம் ஏற்பட்டது, அதுவும் ஒன்றுக்கு மேல் ஏற்பட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். டீச்சர் இருக்கிறது என்று சொன்ன பிறகு இல்லை என்று எழுதுவார்களா? பத்து வருஷமாக நெடுவினா எழுதிப் பழகிய கை, ‘முதலில் இப்படி, பின்னர் அப்படி’ என்று தானாக ஓடும். எந்த நாவலுக்கும், எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்துகிற பதில் அது. புத்தகத்தைத் திறக்காமலே எழுதலாம். ஐந்து குழுவில் எத்தனை பேர் திறந்தார்கள் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, நானே இதில் தோற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் என் நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். மாணவர்களோடு பேசக் கூப்பிட்டார்கள், போனேன். ஒரு மாணவர் எழுந்து, “சார், மூத்த மகன் பாத்திரம் ஏன் மனம் மாறுகிறது? அஞ்சு காரணம் வேணும்” என்றார். அவன் மனம் மாறியதாகவே எனக்குத் தோன்றவில்லை. கடன் முற்றிப்போய் வேறு வழியில்லாமல் நிலத்தை எழுதிக் கொடுக்கிறான், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “நோட்ஸ்ல மனமாற்றம்னு இருக்கு சார்” என்றார் மிகுந்த பணிவோடு. மேடையில் என்னோடு இருந்த பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில், ‘இவருக்கு எதற்கு வம்பு’ என்று இருந்தது. நானும் சும்மா இருந்திருக்கலாம். ஒரு காரணம், இரண்டு காரணம் என்று ஐந்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்த ஐந்தும் எங்கோ ஒரு நோட்ஸில் இருக்கும்.

உங்கள் காளை வீட்டுப் பையன் சொன்னதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம். ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளில் பாத்திரங்களை ஒரே குணத்தில் நிற்கும் தட்டையானவை, பல முகம் காட்டும் உருண்டையானவை என்று பிரித்தார். நம் வகுப்பறைகள்வரை வந்து சேர்ந்த பாகுபாடுதான் அது. ஆனால் வழியில் ஒன்று தொலைந்துபோயிற்று. உருண்டையான பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை மாற்றம் இல்லை. நாம் நம்பும்படியாக நம்மைத் திடுக்கிட வைக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். ஜமீன்தார் காரியைச் சுடத் துப்பாக்கியை எடுக்கும்போது திடுக்கிடுகிறோம். அடுத்த நொடி, ‘வேறென்ன செய்வார், அவர் கௌரவம் அல்லவா அந்த மாட்டின் திமிலில் உட்கார்ந்திருந்தது’ என்று தோன்றுகிறது. புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுகிறோம். ஜமீன் காளை என்றால் கை வைக்கவே ஒரு தயக்கம் இருந்ததே, அது இதற்குத்தானா என்று படுகிறது. ‘நமக்குத்தான் லேட்டா தெரிஞ்சுது’ என்று பையன் சொன்னது இதைத்தான். பதினாறு வயதில் இதைச் சொல்ல முடிகிறவனுக்கு நான் சொல்லித் தர எதுவும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அவனோடு எனக்குச் சண்டை உண்டு. ‘முதல்லயே அப்படித்தான்’ என்கிறான். அன்று மத்தியானம் காரியை அவிழ்த்துவிடச் சொன்னபோது, சாயங்காலம் அதைத் தன் கையால் சுடப்போகிறோம் என்று ஜமீன்தாருக்குத் தெரிந்திருக்குமா? தெரியாது என்பது என் கட்சி. அவருக்குள் அது இருந்தது, ஆனால் அவருக்கே தெரியாமல் இருந்தது. அப்படியென்றால் ‘மாறவில்லை’ என்று சொல்லிவிட முடியுமா? இதை அவனிடம் கேளுங்கள். காளை வளர்க்கிற வீட்டில் தோற்ற மாட்டைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

இனி நடைமுறைக்கு. அட்டைகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஆளுக்கொரு வேலை என்ற இந்த முறையை 1994இல் ஒரு புத்தகமாக எழுதிப் பரப்பியவர் ஹார்வி டேனியல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர். 2002இல் அதே புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது, வேலைத்தாள்களைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பேச்சு இயந்திரத்தனமாகிவிடும் என்று அவரே எச்சரித்தார். குழுவாகப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் அது கைத்தடி. அதற்கு மேல் தேவையில்லை. ‘என் வேலை அருஞ்சொல், எழுதிட்டேன்’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். படம் வரைகிறவனை மட்டும் விட்டுவைக்கலாம் என்பேன். ஜமீன்தாரை எங்கே உட்கார வைத்து வரைகிறான், கூட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்கிறான் என்பதிலேயே அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

கேள்வியை மாற்றுங்கள். ‘எப்படி மாறினான்’ என்பதற்குப் பதிலாக, ‘அவனைப் பற்றி நீ நினைத்தது எந்த வரியில் மாறியது?’ என்று கேளுங்கள். கையில் பென்சிலைக் கொடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், கோடு போதும். ஆறு பேர் ஆறு இடத்தில் போட்டிருப்பார்கள். ஏன் அங்கே போட்டாய் என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்ததும் நீங்கள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: யார் எதைச் சொன்னாலும் பக்கத்தைக் காட்டவேண்டும்.

இன்னொன்று, கடைசிப் பக்கங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காளை ஆற்றுக்குள் ஓடியதும் நிறுத்திவிட்டு, ஜமீன்தார் இப்போது என்ன செய்வார் என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மன்னிப்பார், காளையை விற்றுவிடுவார், பிச்சியை அடிக்க ஆள் அனுப்புவார் என்று பலதும் வரும். பிறகு மிச்சத்தை வாசியுங்கள். தாங்கள் எழுதியதற்கும் செல்லப்பா எழுதியதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அந்தப் பாத்திரம் இருக்கிறது. இந்த வகுப்புக்கு இது இனி ஆகாது, கதை தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு செய்து பாருங்கள்.

அடுத்த நூல் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாற்றத்தைப் பற்றியே பேசவேண்டும் என்றால் தமிழில் ஜெயகாந்தனைப்போல வசதி செய்து கொடுத்தவர் யாரும் இல்லை. ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெட்டு வீடு திரும்புகிறாள் ஒரு கல்லூரிப் பெண். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, இதோடு போயிற்று என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் அதே மாலையை மறுபடி எடுத்தார். இந்த முறை அம்மா அலறிவிடுகிறாள், அக்கம்பக்கம் கூடிவிடுகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்தச் சிறுகதையையே நாவலின் நாயகி கங்கா ஒரு பத்திரிகையில் படிப்பதாக நாவலுக்குள் வரும். சிறுகதையையும் நாவலின் முதல் சில அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்தப் பெண் எப்படி மாறினாள் என்ற கேள்வி கழன்று விழுந்துவிடும். அம்மா அந்த அரை நிமிடத்தில் வாயைத் திறந்தாளா மூடினாளா என்பதுதான் கேள்வியாக இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து இதைப் பேசமுடியுமா என்றால், பேசவேண்டிய வயது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வகுப்பும் ஊரும் உங்களுடையவை. தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இன்னும் ஓரிரு ஆண்டு கழித்து, கல்லூரிக்குப் போனதும் அவர்களே படிக்கட்டும். 1947, 48இல் நிஜாமின் ஆட்சி முடிகிற நாட்களில் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரிகிற சந்திரசேகரனின் கதை. சில இடங்களில் ‘நான்’ என்றும் சில இடங்களில் ‘அவன்’ என்றும் போகும். கடைசியில் ஒரு வீட்டுக்குள் அவன் பார்த்துவிட்டு ஓடிவருகிற காட்சிக்குப் பிறகு, அவன் மாறிவிட்டான் என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. காளை வீட்டுப் பையனிடம் மட்டும் இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள்.

பரீட்சை விஷயம். சக ஆசிரியர்களிடம் வாதாடாதீர்கள். நெடுவினாவுக்கு ‘முதலில் இப்படி, பின்னர் அப்படி’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு என்றால் அதையும் சொல்லிக்கொடுங்கள், அதில் குற்றம் இல்லை. பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை என்று மட்டும் அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு என்பது அவர்கள் ஏற்கெனவே நன்றாக அறிந்ததுதான். ஒன்று கவனித்திருக்கிறேன். பக்கத்தைக் காட்டிப் பேசிப் பழகிய பிள்ளைகள் தேர்வுத் தாளிலும் கதையிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துவைத்து எழுதுகிறார்கள். திருத்துகிறவருக்கு நூறாவது தாளில் அது ஒரு நிம்மதி. இதைச் சொன்னால் ஆசிரியர் அறையில் கொஞ்சம் எடுபடலாம்.

அடுத்த கூட்டத்தைப் பொங்கல் கழிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை காளை வீட்டுப் பையன் வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அன்புடன்.