பள்ளி மன்றங்களும் மாலை நேரங்களும்: கேள்வி பதில்

வடசென்னையில் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் மன்றப் பொறுப்பாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் பெற்றோரின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (வியாசர்பாடி): நாங்கள் இந்துக்கள். மரியாயின் சேனை, பீடப்பணியாளர் குழு, ஒய்.சி.எஸ். என்று மகனின் பள்ளிப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் சேர வேண்டும் என்ற கட்டாயம் உண்டா, ஐயா?

பதில்: கட்டாயம் இல்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், சிறுவர்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்கிறது. 1921இல் டப்ளினில் ஃபிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனை, வாரந்தோறும் செபமாலையோடு கூடும் பக்திசபை. பீடப்பணி, திருப்பலியில் குருவுக்கு உதவும் பணி. இரண்டும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கானவை.

மூன்றாவதைத் தள்ளிவிடாதீர்கள். ஒய்.சி.எஸ். (யங் கிறிஸ்டியன் ஸ்டூடண்ட்ஸ்) என்ற மாணவர் இயக்கம் கத்தோலிக்க மாணவர்களுக்கு என்றால், பிற சமய மாணவர்களும் சேர்வதற்காகவே அதனோடு ஒய்.எஸ்.எம். (யங் ஸ்டூடண்ட்ஸ் மூவ்மெண்ட்) என்ற இணைப்பெயர் இந்தியாவில் வழங்குகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கர்தினால் ஜோசப் கார்டைன் தொழிலாளர் இளைஞரிடையே வளர்த்த 'பார், ஆராய், செயல்படு' என்ற முறைதான் இதற்கும் அடிப்படை. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் அம்முறையைப் பரிந்துரைத்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள் என்றால், எந்த நேரத்தில் எத்தனை லாரிகள் போகின்றன என்று எண்ணுவது முதல் படி, ஏன் அந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று விசாரிப்பது இரண்டாவது, போக்குவரத்துக் காவலருக்கு மனு எழுதிக் கொடுப்பது மூன்றாவது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கையால் மனு எழுதப் பழகுவதைவிட மேலான மன்றப் பணி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (தண்டையார்பேட்டை): என்.சி.சி.யில் சேர்ந்தால் என்ன சான்றிதழ் கிடைக்கும்?

பதில்: பள்ளி அளவில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்துத் தேர்வெழுதினால் 'ஏ' சான்றிதழ். 'பி', 'சி' இரண்டும் கல்லூரியில்தான். சான்றிதழுக்காக மட்டும் சேர்க்காதீர்கள். காலை அணிவகுப்பை வெறுக்கும் பிள்ளை பாதியிலேயே நின்றுவிடும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ஜூனியர் ரெட் கிராஸ் சான்றிதழால் என்ன பயன்?

பதில்: முதலுதவி கற்றுக்கொள்வதுதான் பயன். சான்றிதழைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ராயபுரம்): பள்ளியில் கேரம் மன்றம் தொடங்கியிருக்கிறார்கள். தெருமுனையில் வேலைவெட்டி இல்லாதவர்கள் ஆடும் ஆட்டத்தைச் சிஸ்டர்களே ஊக்குவிக்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், புதுவண்ணாரப்பேட்டையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளாக வளர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அதற்கு முன்பே நம் சென்னையின் மரிய இருதயம் இதே ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குள் மைதானமே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஒரு வகுப்பறையும் இரண்டு பலகைகளும் போதும். பெண் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்து உட்காரும் ஆட்டம் இது.

கேள்வி (காசிமேடு): அந்தத் தாய்க்கு நான் சொல்கிறேன். தெருமுனையில் ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலையற்றவர்கள் அல்லர். விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்து மாலையில் ஆடுகிறவர்கள் நாங்கள்.

பதில்: நியாயமான கோபம்.

கேள்வி (மீண்டும் ராயபுரம்): உழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பணம் வைத்து ஆடுகிறார்களே, அதைத்தான் அஞ்சுகிறேன்.

பதில்: இந்த அச்சத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திராது. பந்தயம் இருப்பது உண்மை, அது கெடுதல் என்பதும் உண்மை. ஆனால் பிள்ளையின் கையிலிருந்து ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கினால் அவன் ஆட்டத்தை விடமாட்டான், ஆடும் இடத்தை மாற்றிக்கொள்வான். பொறுப்பாசிரியர் அறையில் இருக்கிறாரா, எத்தனை மணிக்குப் பலகையை மூடுகிறார் என்று கேளுங்கள். ஆசிரியர் எட்டிப் பார்க்காத மன்றம் என்றால் கேரம் மட்டுமல்ல, திருக்குறள் மன்றமானாலும் அனுப்பாதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்குமா?

பதில்: பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): சாரணர் சான்றிதழுக்குப் பொறியியல் சேர்க்கையில் மதிப்பெண் உண்டா?

பதில்: இன்னும் எத்தனை முறை! சேர்க்கைக் கையேட்டில் சிறப்பு ஒதுக்கீடுகளைத் தனியே அச்சிடுகிறார்கள், அதைப் படியுங்கள்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): நாங்கள் இஸ்லாமியர். மகன் பள்ளி பேண்டில் டிரம் அடிக்கிறான். ஆலயத் திருவிழாவின் தேர்பவனிக்கும் அழைக்கிறார்கள். அனுப்ப மனமில்லை, பேண்டிலிருந்து நீக்கிவிடுவார்களோ?

பதில்: நான் முதலில் சொன்ன 28(3) பிரிவை நினைவில் வையுங்கள். சுதந்திர தின அணிவகுப்புக்கும் விளையாட்டு விழாவுக்கும் வருவான், பவனிக்கு வரமாட்டான் என்று கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் போய்ச் சொல்லாதீர்கள். டிரம் அடிக்க வேறொரு பையனைப் பழக்க பேண்ட் மாஸ்டருக்கு அவகாசம் வேண்டும்.