வாசகர் கேள்வி: தோல்வியில் நனைந்த ஒரு கொடி

கேள்வி: நாஜிக் கட்சிப் பேரணி பற்றிய பழைய படச்சுருள் ஒன்றில், ஹிட்லர் ஒரு கொடியின் நுனியை ஒரு கையால் பற்றியபடி, வரிசையாக நின்ற மற்றக் கொடிகளை மறு கையால் தொட்டுக்கொண்டே செல்வதைக் கண்டேன். அது என்ன சடங்கு?
(வாசகி, திருச்சி)

பதில்: அந்தக் கொடிக்கு ‘ரத்தக் கொடி’ என்று பெயர். 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கின் மதுக்கூடம் ஒன்றில் ஹிட்லர் தொடங்கிய ஆட்சிக் கவிழ்ப்பு, மறுநாள் நண்பகலில் ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தருகே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிதறிப்போனது. ஹிட்லர் தோள் பிசகிக் காரில் தப்பியோடி, இரண்டு நாளில் கைதானார். அன்று சுடப்பட்டு விழுந்த ஒருவரின் குருதி படிந்ததாகச் சொல்லப்பட்ட கொடியே இது.

1926 ஜூலையில் கட்சி மாநாடு வைமாரில் கூடியது. பவேரியா உட்படப் பல மாநிலங்களில் ஹிட்லர் பொதுக்கூட்டத்தில் பேசத் தடை இருந்தது; வைமார் இருக்கும் துரிங்கியா மாநிலத்தில் இல்லை என்பதே அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம். அங்குதான் இந்தக் கொடியால் புதிய கொடிகளைத் தொட்டுப் புனிதப்படுத்தும் வழக்கம் தொடங்கிப் பின்னர் நியூரம்பெர்க் பேரணிகளிலும் நிலைத்தது. புனிதர்களின் எச்சங்களைத் தொட்டு வணங்கும் கத்தோலிக்க மரபையும், படைக்கொடியை ஆசீர்வதிக்கும் ராணுவ வழக்கத்தையும் ஒன்றாக்கிய இச்சடங்கில் புதுமை என்று ஏதுமில்லை. அரை நாளில் முறியடிக்கப்பட்ட ஒரு கலகத்தைத் தியாகமாக மாற்றிக் காட்டிய சாமர்த்தியம்தான் என்னை வியக்கவைக்கிறது. மாண்ட பதினாறு ‘தியாகி’களில் ஒருவர் வேடிக்கை பார்க்க நின்ற உணவகப் பணியாளர் என்பதோ, காவலர் நால்வரும் உயிரிழந்தனர் என்பதோ அந்தக் கதையில் இடம்பெறவில்லை.

1935இல் அப்பதினாறு பேரின் உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டு, கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் எழுப்பிய இரு தூண் மண்டபங்களில் வைக்கப்பட்டன. ஒவ்வொருவர் பெயரும் வாசிக்கப்பட, கூடியிருந்தோர் அவர்கள் சார்பில் ‘இங்கே!’ என்று குரல்கொடுத்தனர். பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல, இறந்தவர்களுக்கு ஒரு வருகைப் பதிவு.

ஃபெல்ட்ஹெர்ன்ஹாலேயில் பதித்த நினைவுப் பலகையைக் கடப்போர் அனைவரும் கை நீட்டி வணங்க வேண்டும், காவலர்கள் கண்காணித்தனர். விரும்பாதவர்கள் அதற்குப் பின்புறமுள்ள விஸ்கார்டி சந்தில் திரும்பிவிடுவார்கள். மியூனிக் மக்கள் அதற்கு ‘நழுவுவோர் சந்து’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்று அச்சந்தின் கற்களிடையே, அவர்கள் நடந்த தடமாக, வெண்கலக் கற்கள் வளைந்து செல்கின்றன.