ஜிம்னியா, கூர்க்காவா, ரெண்டு மூட்டை பொன்னி அரிசியா?

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம், திருப்பூர்ல சின்னதா பனியன் யூனிட் வச்சிருக்கேன். அடுத்த ஜூன்ல நானும் வீட்டுக்காரியும் இங்கிருந்து லடாக் வரைக்கும் வண்டியிலயே போலாம்னு இருக்கோம். ஆறு மாசமா யூடியூப் பாத்து ஜிம்னி, தார், கூர்க்கான்னு மூணு ஜீப் மாதிரி வண்டியில வந்து நிக்கிறேன். எது ரொம்ப நாள் உழைக்கும்? மேல டெண்ட், ஸ்டீல் பம்பர், மாட்டிக்கிட்ட வண்டிய கயிறு கட்டி இழுக்கிற வின்ச், ஃப்ரிட்ஜ், தண்ணிக்குள்ள இறங்கினாலும் இன்ஜினுக்கு மேல இருந்து காத்து வர்ற ஸ்நார்க்கல் குழாய் எல்லாம் போட பிளான். ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா? பின்னாடி லண்டன் போற ஆசையும் இருக்கு.

பதில்:

தம்பி, எங்க மொட்டைமாடிக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கிற இரும்புத் துண்டைப் பாத்து போன வாரம்தான் என் மக "இது என்னப்பா"ன்னு கேட்டா, ரெண்டே நாள்ல உன் கடிதம், அதான் உடனே எழுதுறேன்.

ஆட்டோமேட்டிக் உன் இஷ்டம். ஸ்நார்க்கல் எதுக்கு, ஆத்துக்குள்ளயா குடித்தனம் பண்ணப் போற? லண்டனை அப்புறம் பாப்போம், 1955ல ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் பசங்க ஆறு பேர் ரெண்டு லேண்ட் ரோவர்ல லண்டன்ல கிளம்பி அடுத்த மார்ச்ல சிங்கப்பூரே போய்ச் சேந்துட்டாங்க, அதனால முடியாததுன்னு இல்ல, முதல்ல நீ லடாக்ல இருக்கிற லே போ. போற வழியில தங்லாங் லா கணவாய் 17,000 அடிக்கு மேல, அங்க காத்தழுத்தம் கிட்டத்தட்ட பாதிதான், காத்தை அமுக்கி உள்ள தள்ளுற டர்போ இல்லாத ஜிம்னி பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்கும், டர்போ டீசல் அவ்வளவா திணறாது. கூர்க்காவுல முன்னாடியும் பின்னாடியும் டிஃப் லாக், அதாவது ரெண்டு பக்கச் சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கிற பூட்டு, கம்பெனியே போட்டுத் தரான். மூணுமே நல்ல வண்டிதான்யா, அதை விடு.

நீ கேக்காம விட்டது ஒண்ணு இருக்கு. லோடு. 2009ல ஃப்ரெண்டோட பழைய ஜீப்ல நாலு பேர் மணாலி வழியா போனோம், மேல கேரியர்ல ஸ்டவ், சிலிண்டர், ரெண்டு ஸ்டெப்னி, கேன் கேனா டீசல், அதுக்கும் மேல ரெண்டு மூட்டை பொன்னி அரிசி, ஏன்னா எங்கள்ல ஒருத்தனுக்கு ரொட்டி ஆகாது. பாங்க்னு ஒரு இடம், அதைத் தாண்டி மூர் சமவெளியில அப்ப தார் ரோடு கிடையாது, தகரக் கூரை மாதிரி வரி வரியா மண்ணு. ஒரு மணி நேரம் தடதடன்னு போச்சு, அப்புறம் டொப்புன்னு ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நின்னுடுச்சு, பின்னாடி ஸ்பிரிங்ல மெயின் பட்டை ரெண்டா உடைஞ்சு கிடக்கு. அதுல ஒரு துண்டுதான் இப்ப எங்க மாடிக் கதவுக்கு முட்டு.

லாரி ஓட்டிட்டு வந்த சர்தார்ஜி ஒருத்தர் இறங்கினார், கீழ குனிஞ்சு கூட பாக்கல, நேரா கேரியர் மேல ஏறிட்டார். ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டி "யே கிஸ்லியே?", இது எதுக்குன்னு கேக்குறார். அரிசி மூட்டை வந்தப்ப நாங்க நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்புறம் தன்னோட லாரி முட்டுக்கட்டைய ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவுல சொருகி கம்பியால இறுக்கிச் சுத்தி விட்டார், லே போய்ச் சேர ரெண்டு நாள். பைசா வாங்கல. அரிசி பாங்க் தாபா அம்மாவுக்குப் போச்சு, சர்தார்ஜியே கொண்டு போய்க் குடுத்துட்டார்.

நீ போட்டிருக்கிற லிஸ்ட்டை கணக்கு போடு இப்ப. ஜிம்னி காலி எடை 1,200 கிலோ சொச்சம், ஆளு, சாமான் எல்லாம் சேத்து கம்பெனி விடுறது 1,545. மிச்சம் 340தான். நீங்க ரெண்டு பேர் 150ன்னு வச்சாலும் மேல டெண்ட் 60, பம்பரும் வின்ச்சும் 70, ஃப்ரிட்ஜும் அதுக்கு இன்னொரு பேட்டரியும் 50, ஒரு கேன் தண்ணி 20, அவ்வளவுதான், இன்னும் ஒரு ஸ்வெட்டர் கூட வைக்கல, அதுக்குள்ள தாண்டியாச்சு! அதுலயும் டெண்ட் எடை உச்சியில உக்காருது, வளைவுல வண்டி சாயும். இவ்வளவையும் ஏத்திட்டு வண்டி உழைக்கலன்னு நாளைக்கு கம்பெனிக்காரனைத் திட்டுவ. வின்ச் முதல்ல கழட்டு, ஒத்த வண்டியா போறவன் மூர் சமவெளியில அதை எந்த மரத்துல கட்டுவ, அங்க மரமே கிடையாது.

உன் யூனிட்ல நூல் மூட்டை நிறுத்துற தராசு இருக்கும்ல? லிஸ்ட்ல இருக்கிறதையெல்லாம் அதுல ஏத்தி எத்தனை கிலோன்னு எழுது. வண்டி எதுன்னு அப்புறம் பேசலாம்.